மலைநாட்டுக் குளிரில் ஹைபிரிட் கார்: வைத்திருப்பதற்கும் பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழி தொடங்கியதும் நுவரெலியா, கந்தப்பளை, நானுஓயா பக்கம் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த கார்) வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: “கொழும்புல லீற்றருக்கு இருபதுக்கு மேல ஓடுன காரு, இங்க பதினாலு, பதினஞ்சைத் தாண்ட மாட்டேங்குதே, பெட்டரி போயிருச்சா?”

பெரும்பாலும் பெட்டரி போயிருக்காது. பலர் ஏற்றத்தின் மீது பழியைப் போடுகிறார்கள், அதுவும் பாதிதான் சரி. ஏறும்போது குடித்த பெற்றோலில் கணிசமான பங்கை இறங்கும்போது மலை திருப்பித் தந்துவிடுகிறது. திரும்பி வராத செலவு வேறு இடத்தில் நடக்கிறது: குளிர்ந்த எஞ்சினோடு காலையில் போகும் இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஓட்டங்களில். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு வருவது, கடைக்குப் போய் வருவது, மறுபடி பத்து மணிக்கு வங்கிக்குப் போவது என்று இந்தச் சின்னச் சின்னப் பயணங்களை ஒழுங்குபடுத்தினாலே குளிர்காலச் செலவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்த வகை ஹைபிரிட்?

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. டொயோட்டா அக்வா, பிரியஸ், அக்சியோ ஆகியவற்றில் எஞ்சினும் மோட்டாரும் ஒரே கியர் தொகுதியில் இணைந்திருக்கின்றன. எஞ்சினை நிறுத்திவிட்டு மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் போகும். ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல், கிரேஸ் போன்றவற்றில் இரட்டைக் கிளச் வைத்த 7 கியர் பெட்டி. சுசுகி வாகன்ஆர் மென்மையான ஹைபிரிட். அதன் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை இழுத்துக்கொண்டு மலை ஏறாது. ரைஸ் ஹைபிரிட், நிசான் ஈ-பவர் வகைகளில் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டுமே. எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும் வேலையைப் பார்க்கிறது, அதனால் நீண்ட ஏற்றத்தில் அது ஓயாமல் ஓடுவது இயல்பு.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே மலையகத்தில் ஓடும் ஹைபிரிட்களில் நிறைய பத்து வயதைத் தாண்டியவை. கீழே சொல்வதெல்லாம் அந்த வயதுக் கார்களை மனதில் வைத்துத்தான். விளக்கத்துக்கு அதிகம் அக்வாவையும் பிரியஸையும் எடுத்துக்கொள்கிறேன்.

மைலேஜைச் சரியாக அளப்பது

டாஷ்போர்டில் காட்டும் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். அக்வா 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்றார்கள். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. லபுக்கலை வளைவுகளில் அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

டேங்கை நிரப்பி ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். ஓடித் தீர்ந்ததும் அதே ஷெட்டில், அதே பம்பில், கார் அதே பக்கம் பார்த்து நிற்க மறுபடி நிரப்புங்கள். நம்மூர் ஷெட்கள் பலவற்றில் தரை சரிவு. கார் சாய்ந்து நிற்கும் விதத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு லீற்றர் கூடவோ குறையவோ பிடிக்கும். ஓடிய கிலோமீற்றரை ஊற்றிய லீற்றரால் வகுத்தால் விடை. ஒரே ஷெட்டில் தொடங்கி அங்கேயே முடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் சமமாகிவிடும். கண்டியில் நிரப்பி நுவரெலியாவில் அளந்தால் கார் பாவம், நுவரெலியாவில் நிரப்பிக் கம்பளையில் அளந்தால் கார் தேவதை. இரண்டும் பொய்க்கணக்கு. ஒரு டேங்க் கணக்கும் போதாது. குளிர் மாதங்களுக்குத் தனியாக, மற்ற மாதங்களுக்குத் தனியாக எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

ஏற்றம் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது?

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். நாலு பேரும் சாமான்களுமாக ஒரு அக்வா 1,350 கிலோ இருக்கும் என்று வையுங்கள். அந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய சக்தி, வீட்டு மின்கட்டணச் சீட்டின் கணக்கில் சொன்னால், சுமார் 5 யூனிட். ஒரு லீற்றர் பெற்றோலில் கிட்டத்தட்ட 9 யூனிட் சக்தி இருந்தாலும், நல்ல எஞ்சினும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டும் ஒன்றரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு. தரையில் போவதைவிட மேலதிகமாக ஆவது அவ்வளவுதான்.

இனி இறக்கம். அக்வாவின் ஹைபிரிட் பெட்டரி முழுவதும் சேர்த்தே ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதன் ஆயுளைக் காப்பதற்காகக் கார் அதில் பாதியைக்கூடப் புழங்க விடாது. மலை தரும் 5 யூனிட்டை இதில் சேமிக்கப் பார்ப்பது றம்பொடை அருவிக்குக் கீழே சொம்பைப் பிடிப்பது போலத்தான். 200 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் பெட்டரி நிரம்பிவிடும். அப்படியென்றால் மிச்சம் எல்லாம் வீணா? இல்லை. இறக்கத்தில் எஞ்சின் பெற்றோல் எடுக்காமல் கார் பல கிலோமீற்றர் ஓடுகிறதே, அதுதான் திரும்பி வரும் பங்கு. பிரேக்கில் சூடாகிப் போவது மட்டுமே உண்மையான நட்டம். அதைக் குறைப்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஏறும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். வளைவுக்கு வளைவு அழுத்தி விடுவது மோசம். பவர் மோட் வேண்டாம். மோட்டாரில் மட்டும் ஓடவைக்கும் ஈவி பட்டனை ஏற்றத்தில் தொடவே வேண்டாம், பெட்டரியைச் சில நிமிடங்களில் இறக்கிவிட்டு அதை மறுபடி நிரப்ப எஞ்சின் கூடுதலாக உழைக்கும். நுவரெலியா உயரத்தில் காற்று மெல்லியது, அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் எஞ்சினின் சக்தி கொஞ்சம் குறைவது கோளாறு அல்ல.

ஹொண்டாவின் இரட்டைக் கிளச் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தக் கிளச் எண்ணெயில் நனையாத உலர் கிளச். ஏப்ரல் வசந்தகால நெரிசலில், சரிவில் கார் வரிசையாக நிற்கும்போது, பிரேக்கை விட்டு அக்சிலேட்டரால் காரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளச் சூடேறி எச்சரிக்கை வரும். பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், முன்னால் நல்ல இடைவெளி வந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

காலை: பணம் கரையும் இடம்

இதைத்தான் கவனமாக வாசிக்கச் சொல்கிறேன்.

ஹைபிரிட்டின் சிக்கனம் எஞ்சின் நிற்பதில் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கார் நிற்க விடாது. புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிஸ்ட் சூடாக வேண்டும், எண்ணெய் இளக வேண்டும், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட் சூடேற வேண்டும். டொயோட்டாவில் கூலன்ட் சுமார் 40 பாகையைத் தொடும் வரை எஞ்சினைச் சூடாக்குவதே காரின் முதல் வேலை. சுமார் 70 பாகைக்கு வந்த பிறகுதான் சிக்னலிலும் இறக்கத்திலும் தாராளமாக நிறுத்தத் தொடங்கும். கொழும்பில் காலையிலேயே 27, 28 பாகையில் தொடங்குகிற எஞ்சின், தை மாத நுவரெலியாவில் 8, 10 பாகையில் தொடங்குகிறது. சூடேற வேண்டிய தூரம் அதிகம், இறக்கமும் குளிர்காற்றும் சேர்ந்தால் நேரம் இன்னும் கூடும். மூன்று கிலோமீற்றர் பயணம் என்றால் சூடாகி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அதாவது, அந்தப் பயணம் முழுக்க உங்களிடம் இருந்தது ஒரு சாதாரணப் பெற்றோல் கார்.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, அரை நிமிடத்தில் கிளம்புங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் சூடாக்கும் பழக்கம் பழைய டீசல் வண்டிகளோடு போகட்டும். நிற்கும் கார் மெதுவாகத்தான் சூடாகும், லீற்றருக்குக் கிடைப்பதோ பூச்சியம் கிலோமீற்றர். முதல் இரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டுங்கள்.

அப்புறம், வேலைகளைச் சேருங்கள். பாடசாலை, வங்கி, மரக்கறிக் கடை, தபாலகம் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடியுங்கள். அந்தச் சுற்றில் தூரமான இடத்துக்கு முதலில் போங்கள், எஞ்சின் நன்றாகச் சூடாகிவிடும். வருகிற வழியில் கிட்டத்தில் உள்ள இடங்களில் நின்று நின்று வந்தாலும் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. காலையில் ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை என்று மூன்று தடவை குளிர் எஞ்சினை எழுப்புவதற்கும் ஒரு தடவை எழுப்புவதற்கும் உள்ள வித்தியாசம், மாதக் கடைசியில் ஷெட் சிட்டைகளைக் கூட்டும்போது தெரியும்.

வீடு வீதிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தால், குளிர் எஞ்சின் முதல் நிமிடத்திலேயே செங்குத்தாக ஏற வேண்டியிருக்கும். முடிந்தால் மேலே வீதியோரப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். கூரைக்குக் கீழே, காற்று அடிக்காத பக்கமாக நிறுத்தினாலும் கொஞ்சம் பயன் உண்டு. தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்குப் பனி உறையும் சில காலைகளில் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். சுடுநீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகச் சுரண்டுங்கள். இரவே ஒரு துணியால் மூடிவிட்டால் அந்த வேலையும் இல்லை.

குளிர் நாட்டு வீடியோக்களில் கிரில்லை அட்டையால் அடைப்பதைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய வேண்டாம். அங்கே சமவெளியில் பூச்சியத்துக்குக் கீழே ஓட்டுகிறார்கள். நாம் காலையில் 8 பாகையில் கிளம்பி மதியம் கினிகத்தேனை ஏற்றத்தில் 28 பாகையில் ஏறுகிறோம். அடைத்த கிரில்லோடு எஞ்சின் கொதிக்கும்.

ஹீட்டரும் மங்கும் கண்ணாடியும்

ஹீட்டருக்கு வேண்டிய சூடு எஞ்சின் கூலன்டிலிருந்து வருகிறது. கூலன்ட் சூடாகும் முன்பே ஹீட்டரைப் போட்டால், சேரும் சூட்டை அது பிடுங்கிக்கொள்ளும், எஞ்சினும் நிற்காது. முதல் சில கிலோமீற்றருக்கு ஸ்வெட்டரே போதும். எஞ்சின் ஒருமுறை தானாக நின்றதைப் பார்த்த பிறகு ஹீட்டரைப் போடுங்கள், வெப்பநிலையை 20, 21 பாகையில் வையுங்கள். ஜப்பானின் குளிர்ப் பிரதேசத்துக்கென வந்த சில கார்களில் இருக்கை ஹீட்டர் இருக்கும். உங்கள் காரில் இருந்தால் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும், மிகக் குறைந்த மின்சாரத்தில் உடம்பைச் சூடாக்கிவிடும்.

ஆனால் கண்ணாடி மங்கினால் சிக்கனம் பார்க்காதீர்கள். நுவரெலியா–ஹக்கலை, ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்னை பக்கப் பனிமூட்டத்தில் பாதை தெரியாமல் ஓட்டி மிச்சம் பிடிக்கும் பெற்றோலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. முன் கண்ணாடிப் பட்டனை அழுத்தி ஏசியையும் போடுங்கள், காற்று வெளியிலிருந்து வரும்படி வையுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால்தான் கண்ணாடி தெளிகிறது, குளிரில் ஏசி எதற்கு என்று யோசிக்க வேண்டாம். நனைந்த குடை, கால் மிதியில் தேங்கிய தண்ணீர் இவற்றை வெளியே எடுத்துவிட்டாலும், கண்ணாடியின் உட்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்தாலும் மங்குவதே குறையும்.

டயர்

குளிர்ந்தால் டயர் அழுத்தம் குறையும், அது சரி. ஆனால் உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும். கொழும்பில் 32 பாகை வெயிலில் 33 பிஎஸ்ஐ வைத்து, நுவரெலியாவின் 8 பாகைக் காலைக்கு வந்தால் கணக்கு ஏறக்குறைய 32இல் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே மலை ஏறியதற்காகக் கூட்டிக் குறைத்து அலைய வேண்டாம். ஆபத்து வேறு இடத்தில்: பிற்பகல் வெயிலில், ஓடிச் சூடான டயரில் அளந்து “சரியாக இருக்கிறது” என்று விடுவது. அடுத்த நாள் காலையில் அதே டயர் மூன்று, நாலு பிஎஸ்ஐ குறைவாக ஓடும். காலையில் கார் நகரும் முன் வீட்டிலேயே ஒரு சின்னக் கேஜால் மாதம் இரண்டு முறை பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். மைலேஜுக்காக அதற்கு மேல் ஏற்றாதீர்கள், நனைந்த வளைவில் பிடிப்பு குறையும்.

இறக்கம்: டி (D), பி (B), ஒருபோதும் என் (N) அல்ல

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வழக்கமாக ஓட்டும் டியிலேயே இறங்குங்கள். வளைவுக்கு நன்கு முன்பே பிரேக்கை மெல்ல அழுத்தினால் மோட்டார் டைனமோவாகி பெட்டரியை நிரப்பும். கடைசி நொடியில் பலமாக அழுத்தினால் மின்சாரமாக வேண்டிய சக்தி பிரேக் பேடில் சூடாகிப் போகும். சார்ஜ் காட்டும் பட்டை நிரம்பாத அளவுக்கு மிதிப்பதுதான் பழக வேண்டிய கை, கால் நிதானம்.

பெட்டரி நிரம்புவதைத் திரையில் பார்த்ததும், எஞ்சினால் காரைப் பிடித்து இறக்கும் பிக்கு (B) மாற்றுங்கள். எஞ்சின் திடீரென இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெற்றோல் எரியவில்லை. இனி வாங்க முடியாத சக்தியை, எஞ்சினைச் சும்மா சுற்றவைத்துக் கார் கரைக்கிறது. அதனால் பிரேக் ஆறியிருக்கும். நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இடங்களில் தொடக்கத்திலிருந்தே பியில் போங்கள், அங்கே சிக்கனம் இரண்டாம் பட்சம். தட்டையான இடம் வந்ததும் டிக்குத் திரும்புங்கள், பியிலேயே ஓட்டினால் மைலேஜ் குறையும்.

பெற்றோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில், அதாவது என்னில் (N), உருட்டுகிறார்கள். ஹைபிரிட்டில் என்னில் பெட்டரி சார்ஜ் ஆகவே ஆகாது, மோட்டார் பிரேக்கும் இல்லை. பிரேக் ஒன்றே எல்லாப் பாரத்தையும் தாங்கிச் சூடேறிக் கைவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டு பெட்டரிகள்

ஹைபிரிட் பெட்டரிக்கு மலைநாடு நல்ல ஊர். அதை வேகமாகக் கெடுப்பது வெப்பம். நம்மூர் குளிர் அதன் ஆயுளைக் கூட்டுகிறது, காலையில் கொஞ்ச நேரம் சோம்பலாக இருக்கும், அவ்வளவே. இங்கே அதற்கு எதிரி தூசி. அக்வா, பிரியஸ் இரண்டிலும் காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன ஃபேன் இழுத்துப் பெட்டரியைக் குளிர்விக்கிறது, அதன் வாய் பின் இருக்கைப் பக்கம். தோட்டத்து மண்பாதையில் ஓடும் காரில் செம்மண் தூசி அதில் அப்பிக்கொள்ளும். கம்பளி, பை, பொம்மை எதையும் அந்த வாயை மூடி வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம், தெரிந்த கராஜைத் தவிர யாரும் தொடக்கூடாது.

குளிரில் காலைவாருவது பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பெட்டரி. எஞ்சினைச் சுழற்றுவது அதன் வேலை இல்லை என்பதால் பலவீனம் வெளியே தெரியாது. ஒருநாள் காலை எல்லா விளக்குகளும் கண்டபடி மின்னும், கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு மட்டும் வராது. பெரிய பெட்டரி போய்விட்டதென்று பெரிய செலவுக்குத் தயாராவதற்கு முன் இதைச் சோதியுங்கள். மாற்றும்போது அதே வகை, வாயுவை வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய பெட்டரியே வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்களில் அது ஆட்கள் இருக்கும் பகுதியோடு சேர்ந்தே இருக்கிறது. காரை வாரக்கணக்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால், வாரம் ஒருமுறை யாரையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

பெற்றோல், எண்ணெய், கூலன்ட்

இந்த ஜப்பானியக் கார்களுக்கு 92 ஒக்டேன் போதும். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கே குறைந்தபட்ச அளவு 89தான். 95 ஊற்றினால் கிலோமீற்றர் கூடாது, அந்தப் பணத்தை எண்ணெய்க்கு வையுங்கள். எண்ணெய் 0டபிள்யூ-20, குளிர்ந்த காலையில் சீக்கிரம் ஓடிப் பரவுவது அதுதான். தடித்த எண்ணெய் எஞ்சினுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கூலன்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் போத்தல் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஹைபிரிட்டில் பிரேக் பேட் அதிக நாள் உழைக்கும் என்பதால் கழற்றிப் பார்க்காமலே விடுகிறார்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பிரேக் பேடை அழுத்தும் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பிரேக் லேசாகப் பிடித்தபடி ஓடினால் மைலேஜும் போகும், ஆகவே வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஹைபிரிட் பெட்டரியின் நிலையை ஸ்கேன் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நின்ற இடத்தில் எடுக்கும் ஸ்கேன் பாதி உண்மைதான். ஆட்களை ஏற்றி ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். பாரம் ஏறும்போது ஒரு பகுதியின் வோல்ட் மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென இறங்கினால் அந்தப் பெட்டரி களைத்துவிட்டது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சினுக்குத் திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் அதன் ஈஜிஆர் கூலர் கரியால் அடைபட்டு, காலப்போக்கில் ஹெட் காஸ்கெட் (சிலிண்டர்களின் மேல் மூடிக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போவது தெரிந்த வியாதி. இரவில் கூலன்ட் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், காலை முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சில நொடிகள் பலமாக உதறும், சூடான பிறகு ஒன்றுமே தெரியாது. அதனால் காலையில், பொனெட் சில்லென்று இருக்கும்போது பார்க்கப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.